அப்பாவைப் பார்க்கப் போன பிக்கப்

பிக்கப்பின் பொனற்றைத் தூக்கி ஒரு தடியை முண்டு கொடுத்துவிட்டு, இவர், என் மனுசன், தலையை உள்ளே விட்டிருந்தார். எனக்குத் தெரிந்தது முதுகு மட்டுந்தான். சேட்டு நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கவிழ்த்து வைத்த மீன்பெட்டி ஒன்றின்மேல் எட்டு மாத வயிற்றோடு நான் இருந்தேன். காலை ஒன்பதரை மணி. மட்டுவிலில் என் அப்பா செத்துக் கிடந்தார்.

"இன்னொருக்கால் அடிச்சுப் பாப்பம்" என்றார் இவர்.

முன்னால் போய் ஹாண்டிலைக் கொளுவிச் சுற்றினார். பிக்கப் இருமியது, பிறகு பிடித்தது. நான் எழும்பியே விட்டேன். இவர் ஓடிவந்து பெற்றோலை நிறுத்தி மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். பத்து எண்ணியிருப்பேன். பட், பட் என்று இரண்டு வெடி. உடம்பை ஒருமுறை உலுக்கிவிட்டு அது நின்றுவிட்டது.

வெண்ணெய் திரண்டு வரத் தாழி உடைந்த கதைதான். அன்று காலையில் அது மூன்றாவது தாழி.

செய்தி வந்த விதம்

ஏழரைக்கு ஒருவர் சைக்கிளில் வந்தார். எங்கள் மட்டுவில் ஊர்க்காரர். அப்பாவின் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம். படலைக்கு வெளியே நின்றபடியே சொன்னார்.

"கொப்பர் விடியப்புறம் மோசம் போயிட்டார், பிள்ளை. கொம்மாதான் சொல்லிவிட்டவ. நான் இஞ்சை வந்தது கொண்ணைக்குத் தெரியாது. ரண்டு மணிக்கு எடுக்கினம்."

அந்த நாட்களில் பிரேதத்தை வைத்திருக்க மருந்தும் கிடையாது, ஐஸும் கிடையாது. ஆட்கள் கூடினால் மேலே ஹெலி வந்து சுடும் என்ற பயம் வேறு. காலையில் செத்தால் பின்னேரம் சுடலை. அவர் ஒரு செம்பு தண்ணீர் கேட்டார். நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். உள்ளே வரச் சொல்லிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் வந்திருக்கமாட்டார்.

ஏன் வந்திருக்கமாட்டார் என்பதைச் சொல்லவேண்டும். நான் தென்மராட்சியில் தோட்டஞ்செய்யும் சைவக் குடும்பத்துப் பெண். இவர் குருநகரில் கடற்றொழில் செய்யும் வேதக்காரக் குடும்பம். நான் நல்லூர்ப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் எழுதுவினைஞர். இவர் அந்தக் கடைக்குச் சாமான் ஏற்றிவரும் பிக்கப்பின் சொந்தக்காரர். இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. எங்கள் கலியாணம் தேவாலயத்தில் நடந்தது. அன்று அப்பா ஊரில் நாலு பேருக்கு முன்னால், "எனக்கு ஒரு பெடியன்தான். பெட்டை இல்லை" என்று சொன்னாராம். சொன்னால் சொன்னதுதான், அவர் அப்படிப்பட்ட மனுசன். நாலு வருடமாக நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

அழுதேனா என்று கேட்காதீர்கள். அழவில்லை. இரண்டு மணிக்குள் போகவேண்டும் என்ற ஒன்றுதான் மண்டைக்குள் நின்றது. உயிரோடு காட்டாத முகத்தை இனி மறைக்க அவரால் ஏலாது என்று ஒரு கோபமும் இருந்தது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

மாமி, அதாவது இவருடைய தாய், குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. நாலு வருடம் குருநகரில் ஒரே வீட்டில் இருந்தும் அவ என்னை மருமகள் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. அயலுக்கு நான், இவருடைய பெயரால், "தாசன்ரை வீட்டுக்காரி." நேரே கதைத்தால் "பிள்ளை." அதுவும் தேவைக்கு மட்டும்.

"பிள்ளைத்தாச்சி செத்த வீட்டுக்குப் போறேல்லை" என்றா முதலில். கொஞ்சம் பொறுத்து, "தேப்பனல்லோ. போகத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா.

சைக்கிளில் போயிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆறாம் மாதத்தில் எனக்கு இரத்தம் கண்டது. சைக்கிள் கரியரில் ஏறினால் பிள்ளையை மறந்துவிடு என்று மருத்துவிச்சி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தா. சாவகச்சேரிக்கு ஆட்களை ஏற்றிப் போகும் தட்டிவான் விடியவே போய்விட்டது. பிக்கப் ஒன்றுதான் வழி.

மண்ணெண்ணெய் குடிக்கும் வண்டி

சங்கக்கடையைப் பற்றிப் போன கிழமை எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "பெற்றோலே இல்லாத காலத்தில் உங்கள் கணவர் எப்படி வண்டி ஓடினார்?" என்று கேட்டிருந்தார். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையாக்கும். யாழ்ப்பாணத்தில் அந்த வருடங்களில் வளர்ந்தவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள்.

போரில் அரசாங்கம் குடாநாட்டுக்கு எரிபொருள் தடை போட்ட பிறகு எல்லா வண்டிகளும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால் குளிர்ந்து கிடக்கும் இயந்திரம் மண்ணெண்ணெயில் பிடிக்காது. அதற்குக் கொஞ்சம் பெற்றோல் காட்டவேண்டும். எங்கள் பிக்கப்பின் பொனற்றுக்குள் ஒரு பழைய சேலைன் போத்தல் கட்டித் தொங்கியது. அதற்குள் இரண்டு விரற்கடை பெற்றோல். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கார்பரேற்றருக்குப் போகும். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றுகிற மாதிரித்தான். சொட்டுச் சொட்டாய் விட்டு, ஹாண்டிலைச் சுற்றி, இயந்திரம் சூடானதும் குழாயை மாற்றி மண்ணெண்ணெயைக் கொடுக்கவேண்டும்.

அந்த இரண்டு விரற்கடையைத் தேடுவதற்குத்தான் இவர் அன்று காலையில் முதலில் ஓடினார். ஏழெட்டு வீடு ஏறி இறங்கி, மோட்டார்சைக்கிள் வைத்திருந்த ஒரு கூட்டாளியிடம் வாங்கிக்கொண்டு வந்தார். அதில் மூன்று முயற்சியோடு பாதி போய்விட்டது. ஒவ்வொரு தரம் அடித்துப் பார்க்கும்போதும் என் கண் அந்தப் போத்தலில்தான் இருந்தது.

பிக்கப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது சுன்னாகத்தில் வெங்காய வியாபாரம் செய்த ஒருவருடையது. கொழும்புக்குப் போகிற அவசரத்தில் இவருக்கு விற்றார். பின்தட்டின் இடுக்குகளில் வெங்காயச் சருகு எத்தனை கழுவியும் போகவில்லை. அதற்கு மேல் எங்களுடைய மீன் வாடை. மசக்கைக் காலத்தில் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நான் போனதேயில்லை. இப்போது அதன் பக்கத்தில் குந்தியிருந்து, "பிடி, பிடி" என்று மனத்துக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கரண்டா, எண்ணெயா

இவருக்குப் பள்ளிக்கூடப் படிப்புக் குறைவு. இயந்திர ஞானம் முழுக்கப் பட்டு அறிந்தது. அவருடைய வைத்தியத்தில் நோய் இரண்டே இரண்டுதான்: ஒன்று கரண்டில் பிழை, மற்றது எண்ணெயில் பிழை.

"கரண்டுதான்" என்றார் உடனேயே. "பிளக் கரி பிடிச்சிருக்கும்."

அதில் நியாயம் இருந்தது. மண்ணெண்ணெய்ப் புகையில் பிளக்குகள் இரண்டு நாளில் அடுப்புச் சட்டி மாதிரிக் கறுத்துவிடும். புதுப் பிளக் ஊருக்குள் வரத் தடை. ஆகவே யாழ்ப்பாணத்தில் எந்த வண்டி நின்றாலும் எல்லோரும் முதலில் கழற்றுவது பிளக்கைத்தான். முந்தாநாளும் இப்படித்தான் வெடித்தது, பிளக்கைத் துடைக்கச் சுகமாகிவிட்டது.

நாலையும் கழற்றினார். கம்பித் தூரிகையால் உரஞ்சினார். பிறகு என்னிடம் தந்து, "சிரட்டைத் தணலிலை வையும்" என்றார். நான் குசினிக்குக் கொண்டுபோனேன். மாமி அடுப்பில் இருந்த பானையை இறக்கிவைத்துவிட்டுத் தணலை விசிறித் தந்தா. நாலு பிளக்கும் தணலுக்குள் கிடந்து சூடேறின. குறட்டால் எடுத்துத் தகரத்தில் வைத்து ஓட்டமாகக் கொண்டுவந்தேன். வயிற்றோடு ஓடாதையும் என்று இவர் கத்தினார்.

சூட்டோடு பூட்டி அடித்தார். பிடித்தது. மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். பட், பட். நின்றது.

"அப்ப வயர்" என்றார். வயர்களைத் துடைத்தார். வயர்கள் வந்து சேருகிற மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார், வெடிப்பு இல்லை. கரண்டைக் கொடுத்து எடுக்கிற அந்தச் சின்ன முனைகளை நெருப்புப் பெட்டியின் உரஞ்சுகிற பக்கத்தால் தேய்த்தார். எனக்கு மணிக்கூடு பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். பத்தே முக்கால்.

"இஞ்சேருங்கோ, கரண்ட் இருக்கோ இல்லையோ எண்டு பாருங்கோவன் முதல்" என்றேன். குரலில் எரிச்சல் இருந்திருக்கவேண்டும். திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இயந்திரத்தின்மேல் கிடத்தி, வெளிச்சம் படாமல் மேலே ஒரு சாக்கைப் போட்டார்.

"நான் சுத்துறன், நீர் பாரும்."

சாக்குக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். நீலமாய், பளிச்சென்று பொறி விழுந்தது. மற்ற மூன்றையும் அப்படியே பார்த்தோம். நாலும் நீலம்.

"கரண்டிலை ஒரு பிழையும் இல்லை" என்றேன்.

இவர் ஹாண்டிலை நிலத்தில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே இருந்துவிட்டார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்திருந்தோம். பெற்றோலில் பிடிக்கிறது, மண்ணெண்ணெய்க்கு மாற்றினால்தான் சாகிறது. அது எவ்வளவு பெரிய தடயம் என்று இப்போது எவருக்கும் தெரியும். அவசரப்படுகிறவனுக்குக் கண்ணுக்கு முன்னால் இருப்பது தெரியாது. எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

சங்கக்கடைப் படிப்பு

சங்கக்கடையில் எனக்குக் கிடைத்த படிப்பு ஒன்று இருக்கிறது. பங்கீட்டு மண்ணெண்ணெய் பீப்பாவில் வந்து இறங்கியதும், முதலில் ஒரு வெள்ளைப் போத்தலில் கொஞ்சம் பிடித்து யன்னலில் வைப்பேன். ஐந்து நிமிடம் ஆடாமல் அசையாமல் நிற்கவேண்டும். வழியில் யாராவது தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் போய்ப் படிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்து நான் எத்தனை பேரோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

"எண்ணெயை ஒரு போத்தலிலை பிடிச்சுத் தாங்கோ" என்றேன்.

எண்ணெய்த் தாங்கியின் அடியில் இருந்து வருகிற குழாயைக் கழற்றிப் பிடித்துத் தந்தார். மதிலின்மேல் வெயிலுக்கு வைத்தோம். ஐந்து நிமிடம் வேண்டியிருக்கவில்லை. போத்தலின் முக்கால்வாசியும் தண்ணீர். மண்ணெண்ணெய் மேலே ஓர் ஆடைபோல நின்றது.

இவர் எழும்பினார். முகம் சிவந்திருந்தது.

"இராசன் கடை எண்ணெய்" என்றார்.

இராசன் அண்ணை முடக்கில் மண்ணெண்ணெய் விற்கிறவர். முதல்நாள்தான் அவரிடம் வாங்கி ஊற்றியிருந்தோம். இவர் போத்தலைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பின்னால் நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கும்.

"செத்த வீட்டுக்குப் போற வாகனத்துக்குத் தண்ணி கலந்து தந்திருக்கிறியே அண்ணை. உனக்கு மனச்சாட்சி இருக்கோ?" என்று இவர் சந்தியில் வைத்துக் கேட்டார். சாமான் வாங்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. சங்கக்கடைக் குரலில் நாலு வார்த்தை சொன்னேன்.

இராசன் அண்ணை கோபிக்கவில்லை. ஒரு வெறும் போத்தலை எடுத்து இவரிடம் நீட்டினார்.

"பீப்பா உதிலைதான் கிடக்கு. நீயே அடியிலை இருந்து எடுத்துப் பார்."

எடுத்தார். வைத்துப் பார்த்தோம். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கண்ணாடி மாதிரித் தெளிவாய் நின்றது. "போங்கோ தம்பி, நேரம் போகுது" என்றார் இராசன் அண்ணை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. திரும்பி நடந்தோம்.

யார் ஊற்றியது

மாமி பிக்கப்பின் பக்கத்தில் நின்றா. கையில் ஒரு வெறும் சோடாப் போத்தல்.

"அவன்ரை எண்ணெயிலை பிழையில்லை, மோனை. நான்தான் வாத்தனான்."

"என்னத்தையணை வாத்தனீ?"

"தீர்த்தம். திருநாளுக்குக் கோயிலிலை மந்திரிச்ச தீர்த்தம். நீ பெற்றோலுக்குப் போன நேரம்."

மாமி நிலத்தைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டு போனா.

"வள்ளம் கடலுக்குப் போகேக்கை தெளிக்கிறனாங்கள்தானே. இவள் வயித்துப் பிள்ளையோடை செத்த வீட்டுக்குப் போறாள். வழியெல்லாம் ஹெலி சுடுது. முதல் வெளியாலைதான் தெளிச்சன். பிறகு, உள்ளுக்கும் கொஞ்சம் இருக்கட்டும் எண்டு நினைச்சன். நீ முன்னாலை ஒவ்வொரு நாளும் வாக்கிறதும் தண்ணிதானே. பின்னாலை வாத்தால் என்ன எண்டு..."

"எவ்வளவணை?"

"முழுப் போத்தலும். மிச்சம் வைக்கிறது மரியாதையில்லை."

அவவைக் குறை சொல்ல வழியில்லை. அவவுடைய மனுசன் ஓடிய வள்ளம் பாயில் ஓடியது. இயந்திரம் சூடாகாமலிருக்க முன்னால் ஊற்றுகிற தண்ணீர் வேறு, எரிக்கிற எண்ணெய் வேறு என்று அவவுக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

இவர் சிரித்தார். களைத்துப்போன மனுசன் சிரிக்கிற சிரிப்பு அது. சிரித்துக்கொண்டே நட்டுக் கழற்றுகிற சாவியை எடுத்துத் தாங்கிக்குக் கீழே புகுந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நாலு வருடத்தில் மாமி எனக்கென்று செய்த முதல் காரியம் அது என்பதும் அதே நேரத்தில் விளங்கியது. விளங்கியதால் ஆத்திரம் குறைந்ததா என்றால், இல்லை.

தாங்கி முழுவதையும் பெரிய சட்டியில் இறக்கினோம். மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டுப் புதிது வாங்குகிற காலமா அது? தெளிய விட்டு, மேலால் மெல்ல மெல்ல அள்ளிப் போத்தல் போத்தலாய் நிரப்பினேன். அந்த வேலையில் என்னை யாரும் வெல்ல முடியாது. கை நடுங்கினால் கலங்கிவிடும். கலங்கினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இரண்டு தரம் தொடங்கினேன். இவர் கார்பரேற்றரைக் கழற்றி ஒவ்வொரு துவாரமாக வாயால் ஊதினார்.

அடியில் நின்ற தண்ணீரை நான் வேலியோரம் ஊற்றப் போக, மாமி மறித்தா. "கால் படாத இடத்திலை ஊத்தவேணும்." எனக்கு வாயில் வந்ததைச் சொல்லாமல் சட்டியை அவவிடமே கொடுத்தேன். முருங்கைக்குக் கீழே கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தா.

ஒன்றேகாலுக்குப் பிக்கப் பிடித்தது. மண்ணெண்ணெய்க்கு மாற்றியும் நிற்கவில்லை. இடைக்கிடை இருமினாலும் ஓடியது.

"நானும் வாறன்" என்று மாமி சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு ஏறினா. யாரும் கூப்பிடவில்லை.

ஒழுங்கை

நாவற்குழிப் பாலத்தில் இரண்டு தரம் நிற்கப் பார்த்தது. இவர் காலை எடுக்காமல் மிதித்து இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் மூன்று பேரும் முன்சீற்றில் நெருக்கிக்கொண்டு இருந்தோம். ஒவ்வொரு வெடிக்கும் மாமி சிலுவை போட்டா.

எங்கள் ஊர்ச் சந்திக்குப் போகும்போது இரண்டு மணி தாண்டி இருபது நிமிடம். சந்திக் கடைக்காரர் எங்களைக் கண்டு வெளியே வந்தார்.

"இப்பதான் எடுத்தவை, பிள்ளை. கால் மணித்தியாலம் இருக்கும்."

"வண்டியை வீட்டுப் பக்கம் விடுங்கோ" என்றேன். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. எடுத்த பிறகு எங்களுக்கு மிச்சம் இருப்பது வீடு கழுவுவதும் தலை முழுகுவதுந்தான்.

இவர் பிக்கப்பை எடுக்கவில்லை. "சுடலைக்கு எந்தப் பக்கத்தாலை போறவை?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். தோட்டங்களுக்குப் பின்னால் சுற்றிப் போனால் சுடலைக்குப் போகிற ஒழுங்கையின் மற்ற முனைக்குப் போகலாம் என்பதையும் நானேதான் சொன்னேன். தெரிந்துதான் சொன்னேன்.

ஒழுங்கைக்குள் திரும்பியபோது பறைச் சத்தம் நேரே எதிரில் கேட்டது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி. ஒரு வண்டிலின் அகலந்தான் பாதை. வளைவைத் தாண்டி அவர்கள் வந்தார்கள். முன்னால் கொள்ளிச் சட்டியோடு அண்ணை. மொட்டை அடித்திருந்தார். பின்னால் பாடை.

அண்ணை என்னைக் கண்டார். நான் நாலு வருடத்துக்குப் பிறகு அண்ணையைக் கண்டேன். அவருடைய கண் என் வயிற்றில் வந்து நின்றது.

"பொம்பிளையள் வாற இடமே இது? அதுவும் வயித்தோடை" என்றார். பிறகு இவரைப் பார்த்து, "வண்டியைப் பின்னாலை எடும்" என்றார்.

இவர் என் முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கரண்டை நிறுத்துகிற பக்கம் திறப்பைத் திருப்பினார்.

இயந்திரம் நின்றது. காலையில் நின்றதுபோல் இருமி வெடித்து நிற்கவில்லை. சத்தமில்லாமல் நின்றது. போத்தலில் பெற்றோல் ஒரு சொட்டுக்கூட இல்லை என்பது எனக்கும் அவருக்கும் மட்டுந்தான் தெரியும்.

"நிண்டிட்டுது, அண்ணை" என்றார் இவர். "இனிப் பிடிக்காது. தள்ளித்தான் விடவேணும்."

அண்ணைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் நெருப்பு. முன்னால் வண்டி. திரும்பிப் போகவும் ஏலாது. வீட்டை விட்டு எடுத்த பாடை திரும்பக்கூடாது. பறை நின்றது. கூட்டத்தில் ஒரு பெரியவர், "இறக்குங்கோ. இறக்கி வைச்சிட்டுத் தள்ளுங்கோ. வேறை என்ன செய்யிறது" என்றார்.

பாடையை மணலில் இறக்கினார்கள். தூக்கி வந்த ஆட்களே போய்ப் பிக்கப்பைப் பின்னால் தள்ளத் தொடங்கினார்கள். நான் அதற்குள் இறங்கிவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அண்ணை மற்றப் பக்கம் திரும்பி நின்றார்.

முகத்துத் துணியை நானே விலக்கினேன். நாடியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. சவரம் ஒழுங்காகச் செய்யவில்லை. இடது கன்னத்தில் நரைமயிர் ஒரு பிடி விடுபட்டிருந்தது. ஒரு நாளும் சவரம் செய்யாமல் படலை தாண்டாத மனுசன். ஊரில் புது பிளேட் கிடைத்திருக்காது. நான் அந்த இடத்தைக் கையால் தடவினேன். அவரோடு கதைக்க நாலு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் இருந்தது. துணியைத் திரும்ப இழுத்து மூடினேன். கடைசி நாட்களில் அவர் என்னைக் கேட்டாரா என்று இன்றுவரை நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.

பின்னால் பிக்கப் மணலில் ஊர்ந்துகொண்டிருந்தது. நூற்றிருபது அடி தூரந்தான். எட்டுப் பேர் தள்ளியும் அது நகர மறுத்தது. பிரேக்கில் காலைப் பாதிக்கு வைத்திருந்ததாக இவர் பிறகொருநாள் சொன்னார்.

கிணற்றடி

பிக்கப்பை ஒரு தோட்ட வாசலுக்குள் ஒதுக்கியதும் அவர்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இவர் வண்டியோடு நின்றார். நானும் மாமியும் வீட்டுக்கு நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி வழியில் மாமி சொன்னா:

"பிழை என்னிலைதான், பிள்ளை."

"ஓம்" என்றேன்.

பரவாயில்லை மாமி என்று சொல்லியிருக்கலாம். நல்ல மருமகள் சொல்லியிருப்பாள். வாய்க்கரிசி போட விடாமல் செய்த பிழை அது. என்னால் ஓம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவவும் எதிர்பார்க்கவில்லைப் போலிருந்தது. கல் கிடந்த இடத்தில் என் முழங்கையைப் பிடித்தா, தாண்டியதும் விட்டா.

வீட்டில் முற்றம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் எல்லோரும் கிணற்றடியில். அம்மா ஈரச் சேலையோடு நின்றா. என்னைக் கண்டா. தொடவில்லை. முழுகும் வரைக்கும் தொடக்கூடாது. ஒரு வாளி தண்ணீர் அள்ளி என் தலையில் ஊற்றினா, இன்னொரு வாளியும் ஊற்றினா.

மாமி கிணற்றுக் கட்டுக்கு வெளியே, வாழைக்கு அந்தப் பக்கமாக ஒதுங்கி நின்றா. அந்தக் கிணற்றில் யார் யார் அள்ளலாம், யார் யார் அள்ளக்கூடாது என்பது ஊருக்கே தெரியும். மாமிக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அவ்வளவு தள்ளி நின்றா. சின்னம்மா ஒருத்தி அம்மாவின் காதுக்குள் ஏதோ சொன்னா.

அம்மா வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு வாழையடிக்குப் போனா.

"மச்சாள், வாங்கோ. வந்து முழுகுங்கோ" என்றா.

பெண்ணைப் பெற்றவளும் பிள்ளையைப் பெற்றவளும் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைப்பது எங்கள் பக்கத்து முறை. ஆனால் அவர்கள் இருவரும் அதற்கு முன் ஒருவரையொருவர் கண்டதில்லை. மாமி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, குனிந்து, தலையைக் கொடுத்தா. அம்மா ஊற்றினா. கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன்னுடைய சேலையை இழுத்து முதலில் மாமிக்குத்தான் கொடுத்தா. நான் தலையிலிருந்து தண்ணீர் வடிய அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

நாலு வருடத்துக்குப் பிறகு வந்த பெற்ற மகள் நான். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலோடுதான் அழுகையும் வந்தது, காலையிலிருந்து வராத அழுகை. கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். தகப்பனுக்காக அழுகிறாள் என்று பெண்கள் வழிவிட்டு விலகினார்கள். பாதி அவருக்காகத்தான்.